ஒன்பதாம் நாள் மன்றாட்டு

அத்தியாயம் 17

இமெல்டா தன் மகளோடு பேசி ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டன. நாள் எண்ணியது அவள் இல்லை, தெரு. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுப் பெண் கீழக்கரை முஸ்லிம் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனால், அந்த வீட்டுக் காலண்டரை ஊரே சேர்ந்துதான் கிழிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நவநாள் கொடியேற்றத்தன்று நடந்த கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மகள் பெனிட்டாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்து, கீழக்கரையில் வளையல் அடுக்கினார்கள். பெற்றவள் போகவில்லை. பெரியம்மா செபஸ்தி போனாள். இமெல்டாவின் புருஷனுக்கு அண்ணன் பெண்டாட்டி அவள். வளையல் போட்டுவிட்டு வரும்போது, சம்பந்தி வீட்டார் கொடுத்த வட்டிலப்பம் என்ற இனிப்பை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து கொழுந்தன் வீட்டு வாசலில் நின்றாள். இமெல்டா அதை வாளியோடு தெருவில் வீசினாள். "இனி என் வாசப்படிய மிதிக்காதக்கா" என்று கதவையும் சாத்தினாள்.

அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அவள் செய்த இன்னொரு காரியம் ஊருக்குத் தெரியாது.

மாதா கோயிலில், மாதா சிலை வைத்த குகையான கெபிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி உண்டு. நவநாள் ஒன்பது நாளும் சனங்கள் தங்கள் வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். நமக்கு வாய் போதாது, நம் சார்பில் தாய் தன் மகனிடம் எடுத்துச் சொல்லுவாள் என்று ஒரு நம்பிக்கை. ஒன்பதாம் நாள் காலையில் மரியாயின் சேனை என்ற பக்திச் சபைப் பெண்கள் பெட்டியைத் திறப்பார்கள். சீட்டுகளைப் படித்து, கல்யாணம், கடல், நோய், வேலை என்று இனம் பிரித்து, மாலைப் பூசையில் மைக்கில் வாசிப்பார்கள். பெயரை மட்டும் வாசிக்க மாட்டார்கள். கோயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விஷயத்தைக் கேட்டாலே வீட்டைச் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பெட்டியில் இமெல்டா ஒரு சீட்டுப் போட்டிருந்தாள். மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று அல்ல. அவள் எழுதியது இதுதான்: 'என் மகள் என் மடியை அறுத்துவிட்டுப் போனாள். அவள் மடியும் நிறையக் கூடாது. மாதாவே, உம் மகனிடம் சொல்லும்.'

எழுதிப் போட்ட அன்று நிம்மதியாகத் தூங்கினாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டதாகக்கூட நினைத்தாள். கோபத்தில் இருக்கிறவளுக்கு எதுதான் நியாயமாகப் படாது?

ஒன்பதாம் நாள் காலை எட்டரை மணி. முந்தின நாள் கடலுக்குப் போன புருஷன் சூசை இன்னும் கரை திரும்பவில்லை. இமெல்டா முற்றத்தில் நெத்திலியைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"பெனிட்டா அம்மாவா? நான் ஒங்க மருமகன் அசாருதீனோட உம்மா பேசுறேன். காலிதா."

இமெல்டா பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்ற வீம்புதான்.

"வச்சிராதீங்க. ராத்திரி புள்ளைக்குப் பிரஷர் கூடிப்போச்சு. ராமநாதபுரத்துக்குக் கொண்டாந்துட்டோம். வயித்துல உள்ளதோட துடிப்புக் கொறையுதுன்னு சொல்றாங்க. பதினோரு மணிக்கு ஆபரேஷன். அசாரு துபாய்ல பிளைட் ஏறிட்டான், வந்து சேர ராத்திரியாயிரும். ஒங்க மக ஒங்களத்தான் கேக்குது."

"என்னையவா?" என்றாள் இமெல்டா. அந்த ஒரு சொல்லோடு அவள் வீம்பு முடிந்தது.

"வேற யாரக் கேக்கும்? வாங்கம்மா. கோவத்த எல்லாம் பெறகு பாத்துக்கலாம்."

தெருமுனையில் ராமநாதபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறியிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் மகளிடம் போயிருக்கலாம். ஆனால் இமெல்டா கோயிலைப் பார்த்து ஓடினாள். துடிப்புக் குறைகிறது என்று கேட்டதுமே அவளுக்கு ஒன்றுதான் விளங்கியது. டாக்டர் சொன்ன பிரஷர் எல்லாம் சும்மா. கேட்டதை மாதா மகனிடம் சொல்லிவிட்டாள். அந்தச் சீட்டை எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

படித்தவர்கள் சிரிக்கலாம். கண்ணாகத் தூக்கி வளர்த்த பெண்ணின் வயிற்றுக்குக் கேடு கேட்டவளுக்குச் சிரிப்பு வராது.

கெபியில் ஆள் இல்லை. மறுநாள் திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்டுகிறவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். இமெல்டா பெட்டியின் துவாரத்தில் விரலை விட்டாள். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி உள்ளே விட்டுத் துழாவினாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், இது பெட்டி. புறங்கை சிராய்த்து ரத்தம் கசிந்ததுதான் மிச்சம்.

மேலே, நீலப் பட்டுக் கட்டிய மாதா சுரூபம் நின்றது. நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. மாதா காலடியில் நின்றுகொண்டு மாதாவின் பெட்டியை நோண்டுகிற திருடியாக அவள் ஆகியிருந்தாள்.

"பெட்டி காலி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஏழு மணிக்கே தொறந்தாச்சு."

செபஸ்தி. மரியாயின் சேனைத் தலைவி. கையில் சீட்டுகள் குவிந்த பனையோலைக் கூடை.

இமெல்டா கொண்டை ஊசியை முந்தானைக்குள் மறைத்தாள். எட்டு நாளைக்கு முன் வாசப்படி மிதிக்காதே என்று விரட்டியவளிடமே இப்போது கேட்க வேண்டும். வேறு யாராவது நின்றிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். மானம் போவது என்று ஆனபின் அது ஆள் பார்த்தா போகும்?

"அக்கா... அதுல ஒரு சீட்டு..."

"என்ன சீட்டு?"

"தெரியாம எழுதிட்டேன். எடுத்துக் குடுக்கா."

"தெரியாமயா எழுதுன?"

செபஸ்தி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் இமெல்டா தாங்கியிருப்பாள். பதிலுக்கு நாலு வார்த்தை பேசியும் இருப்பாள். செபஸ்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த ஜெபப் புத்தகத்தைப் பிரித்து, நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"நீ கல்யாணமாகி வந்த புதுசுல ஒங்கம்மாளுக்கு எழுதுன லெட்டர எல்லாம் தபால்ல போட்டது யாரு? ஒன் எழுத்து எனக்குத் தெரியாதாக்கும். மத்தவளுக கை படுறதுக்கு முன்னால எடுத்து ஒளிச்சிட்டேன்."

இமெல்டா கை நீட்டினாள். நீட்டிய கை தன்னுடையதா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"படிச்சியாக்கா?"

"படிச்சேன். படிச்சிட்டு அங்கன ஓரமாப் போயி உக்காந்து அழுதேன். அந்தப் புள்ளைக்கு முத மொட்ட எடுக்கும்போது என் மடியிலதான்டி உக்கார வச்சோம்."

இமெல்டா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெனிட்டா ஆஸ்பத்திரியில் இருப்பதையும், துடிப்புக் குறைவதையும், பதினோரு மணி ஆபரேஷனையும் திக்கித் திக்கிச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"மாதா இதப் படிச்சிருப்பாளாக்கா?"

"நீ எழுதும்போதே படிச்சிருப்பா."

"அப்ப மகன்கிட்டச் சொல்லிருப்பாளே!"

செபஸ்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். இரக்கமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

"நானே ஒன் சீட்ட இன்ன வரைக்கும் ஒருத்திகிட்டயும் சொல்லல. நீ என் வட்டிலப்பத்தத் தெருவுல கொட்டுனவ. இருந்தும் சொல்லல. என்னைய விடவாடி மாதா கெட்டவ?"

செபஸ்தி சீட்டை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

"எந்திரி. பெத்த புள்ள அங்கன கெடக்குது, நீ இங்கன பெட்டியக் குடையுற. நட, நானும் வாரேன்."

கூடையை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, செபஸ்தி அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது இமெல்டா சீட்டைக் கைக்குள் கசக்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். வீச வரவில்லை. கீழே ஓடுவது கடல். சூசை இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறார். சாபம் எழுதிய காகிதத்தைப் புருஷன் தொழில் செய்கிற தண்ணீரில் போடுவதா? கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒரு துண்டுக் காகிதத்தை வைக்க இந்த உலகத்தில் தனக்கு இடம் இல்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

"குடு, நான் கிழிச்சுப் போடுறேன்" என்றாள் செபஸ்தி.

"வேண்டாம்க்கா. நான் எழுதுனது, என்கிட்டயே இருக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி. தியேட்டர் வாசலில், வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு பெண் சிறிய புத்தகத்தைப் பார்த்து முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தாள். செபஸ்தியைக் கண்டதும் எழுந்தாள். பக்கத்தில் நின்றவளைப் பார்த்ததும், யார் என்று கேட்காமலே இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா? அல்ஹம்துலில்லாஹ். இப்பத்தான் உள்ள கொண்டு போகப் போறாங்க. ஓடுங்க, ஓடுங்க."

இப்படி ஒரு வரவேற்பை இமெல்டா எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமாக அந்தப் பெண்ணை அவள் திட்டாத திட்டு இல்லை. மகளை மயக்கியவன் தாய் என்று கோயில் வாசலில் நின்றுகூடப் பேசியிருக்கிறாள். அந்தக் கைகளின் சூடு அவளைச் சுட்டது.

தள்ளுவண்டியில் பெனிட்டா கிடந்தாள். முகம் வீங்கி, கண் இடுங்கி, ஆளே மாறியிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை; சிரித்தாள்.

"வந்துட்டியாம்மா. வருவேன்னு மாமிகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"தாயி..." இமெல்டா அவள் தலையைத் தடவினாள்.

"பயமா இருக்கும்மா. நவநாளுக்கு எழுதிப் போட்டியா?"

இமெல்டாவின் கை ஜாக்கெட்டுக்குள் இருந்த சீட்டைப் பொத்தியது.

"எனக்குத் தெரியும், போட்டிருப்ப. எனக்குக் காய்ச்சல்னாலும் எழுதிப் போடுவ, பரீச்சைன்னாலும் எழுதிப் போடுவ. என்கூடப் பேசலன்னாலும் மாதாகிட்ட என்னையப் பத்திப் பேசாம இருக்க மாட்டேல்ல? போட்டேல்லம்மா?"

இமெல்டா தலையை ஆட்டினாள். பொய் இல்லை, போட்டாள்தான். ஆனால் அந்தத் தலையாட்டலைவிடப் பெரிய பொய்யை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. வண்டி உள்ளே போனது. கதவு மூடியது. பக்கத்தில் நின்ற செபஸ்தி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்க்காமல் இருக்க அவள் படும் பாடு இமெல்டாவுக்குப் புரிந்தது. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காலிதா விட்ட இடத்திலிருந்து ஓதி, ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடினாள்.

"குர்ஆன்ல ஒங்க மாதா பேருல உள்ள சூரா, மர்யம் சூரா" என்றாள், கேட்காமலே. "எங்க பக்கம் புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல இத ஓதுவாங்க. நாங்க அவங்ககிட்டக் கேக்க மாட்டோம், அல்லாகிட்ட மட்டுந்தான் கேப்போம். ஆனாலும் மர்யம் அம்மான்னா எங்களுக்கு அம்புட்டு மரியாதை. ஒத்தையில, ஒரு பேரீச்ச மரத்தடியில வலி பொறுத்தவங்கல்ல."

"நாங்க அவகிட்டச் சொல்லுவோம். அவ மகன்கிட்டச் சொல்லுவா" என்றாள் செபஸ்தி.

"தெரியுமே" என்று காலிதா இமெல்டாவின் பக்கம் திரும்பினாள். "ஒங்க மக தெனமும் சொல்லும். ராத்திரி தூக்கம் வரலன்னா, எங்கம்மா இந்நேரம் முட்டி போட்டு எனக்காகக் கேட்டுக்கிட்டிருப்பாங்க மாமின்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடும். எனக்குக்கூடப் பொறாமையா இருக்கும், ஆமா!"

காலிதா சிரித்தாள். இமெல்டா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். அடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இப்படி நம்பினால் என்ன செய்வது?

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். அம்பது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிற உடம்பு. நினைவு தெரிந்த நாளாக ஓடுகிற ஜெபம். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. எந்த வாயால் கேட்பது? எட்டு நாளுக்கு முன் ஒன்றைக் கேட்டுவிட்டு, இன்று இன்னொன்றைக் கேட்டால், கேட்கப்படுகிறவள் என்ன நினைப்பாள்?

"அக்கா, நீ கேளு" என்றாள் மெதுவாக. "எனக்குக் கேக்க மூஞ்சி இல்ல."

செபஸ்தி அவளை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்து, ஒரு நுனியைத் தான் வைத்துக்கொண்டு மறு நுனியை இமெல்டாவின் கையில் திணித்தாள். அவள் சொல்லச் சொல்ல இமெல்டாவின் உதடு மட்டும் அசைந்தது.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் கதவு திறந்தது. நர்ஸ் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தாள்.

"பெனிட்டா வீட்டு ஆளுங்க யாரு? பொம்பளப் புள்ள. ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கு. நல்லா அழுதுச்சு. அம்மாவும் நல்லா இருக்காங்க. கொஞ்ச நேரத்துல வார்டுக்கு வந்துருவாங்க. பாத்துட்டுக் குடுங்க, டாக்டர் பாக்கணும்."

காலிதா பிள்ளையை வாங்கினாள். அதன் காதருகில் குனிந்து ஏதோ சொல்லி, நெற்றியில் முத்தம் வைத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு இமெல்டாவின் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் பிள்ளையை நீட்டினாள்.

"பிடிங்க. நீங்க எழுதிப் போட்டது வீண் போகல பாத்தீங்களா? ஒங்க வேண்டுதலு, என் ஓதலு, ரெண்டும் சேந்துதான் காப்பாத்தியிருக்கு. மர்யம்னே பேரு வைக்கணும்னு அந்தப் புள்ள சொல்லியிருக்கு. ரெண்டு வீட்டுக்கும் பொதுவாம்."

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாயைச் சப்புக்கொட்டியது. பெனிட்டா பிறந்தபோது இருந்த அதே மேலுதடு. இமெல்டாவின் மார்பு வலித்தது. கை மட்டும் எழவில்லை.

வாங்கிக்கொண்டால் முடிந்தது. செபஸ்தி வாயைத் திறக்க மாட்டாள். மகளுக்குத் தெரியவே தெரியாது. நல்ல தாய், விடாமல் ஜெபித்த தாய் என்ற பெயரோடு சாகும்வரை இருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

"பிடிங்கம்மா, கை வலிக்குது."

"வேண்டாம்" என்றாள் இமெல்டா.

காலிதா திகைத்தாள். "இன்னுமா கோவம்? இந்தப் பச்ச மண்ணு மேலயா?"

"கோவம் இல்ல. நான் சொல்றதக் கேளுங்க. கேட்டுட்டு, என் கையில குடுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

செபஸ்தி அவள் தோளைப் பிடித்தாள். "இமெல்டா, சும்மா இரு."

"விடுக்கா."

அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சீட்டை எடுத்தாள். வேர்வையில் நனைந்து மை பரவியிருந்தது. படிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். தலையைக் குனிந்துகொண்டு, தான் எழுதியதை அப்படியே சொன்னாள். மடியும் நிறையக் கூடாது என்ற இடத்தில் குரல் கம்மியது. ஆனாலும் விழுங்காமல் சொன்னாள்.

"நான் இதத்தான் எழுதிப் போட்டேன். அவ நெனைக்கிற மாதிரி இல்ல. அவ போன பெறகு அவளுக்காக நான் ஒரு நாளும் முட்டி போடல. இந்தப் புள்ள பொழச்சது என்னால இல்ல."

நீட்டியிருந்த கைகள் மடங்கின. காலிதா பிள்ளையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இமெல்டா அசையாமல் நின்றாள். எதிரே நிற்பவள் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாள்.

காலிதா துப்பவில்லை. துப்பட்டியின் ஓரத்தால் பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் படாமல் மறைத்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். முன்பிருந்த குழைவு குரலில் இல்லை.

"அந்தப் புள்ள கண்ணு முழிச்சதும் மொதல்ல ஒங்களத்தான் கேக்கும்."

"தெரியும்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்."

"அப்ப யாரு சொல்றது? நீங்களா, நானா?"

இமெல்டா செபஸ்தியைப் பார்த்தாள். பழக்கம் அது. வாழ்நாளெல்லாம் தனக்கு வேண்டியதை இன்னொருத்தி வாயால்தான் கேட்டு வந்திருக்கிறாள். மாமியாரிடம் கேட்க வேண்டியதைச் செபஸ்தி மூலம், புருஷனிடம் சொல்ல வேண்டியதை மகள் மூலம், கடவுளிடம் சொல்ல வேண்டியதை மாதா மூலம். செபஸ்தி ஒரு சொல் சொன்னால் பெனிட்டா மன்னித்துவிடுவாள். செபஸ்தியும் சொல்லத் தயாராகத்தான் நின்றாள். இமெல்டா பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"நானே சொல்றேன்" என்றாள் காலிதாவிடம். "ஆனா எனக்கு அங்கன நிக்கத் தெம்பு இருக்காது. நீங்க ஒன்னும் பேச வேண்டாம். எனக்காகக் கேக்கவும் வேண்டாம். நான் சொல்லி முடிக்கிற மட்டும் என் பக்கத்துல நின்னா போதும்."

காலிதா பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிள்ளையை வாங்க நர்ஸ் கை நீட்டினாள், அவள் கொடுக்கவில்லை.

உள்ளேயிருந்து தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கதவு விரியத் திறந்தது. மயக்கம் முழுதாகத் தெளியாத குரலில் பெனிட்டா கேட்டாள்.

"மாமி... எங்கம்மா புள்ளையத் தூக்கிட்டாங்களா?"